லேஅவுட் பூங்காவுக்குப் பூட்டு போடலாமா?

வாசகர் கேள்வி: "எங்கள் நகரில் நூற்றுச் சொச்சம் வீடுகள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவு. பார்க்குக்கும் சேர்த்துத்தான் சதுர அடிக்கு விலை போட்டு வாங்கினோம். இப்போது பக்கத்து நகர்ப் பையன்கள் வந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். சாயங்காலம் பெண்களும் வயசானவர்களும் உட்கார முடியவில்லை. கேட் போட்டுப் பூட்டி, வீட்டுக்கு ஒரு சாவி கொடுத்துவிடலாம் என்று சங்கத்தில் தீர்மானம் போடப் போகிறோம். இதில் சட்டச் சிக்கல் வருமா?"

ஜூன் 3, காலை

வரும். டி.டி.சி.பி. ஆனாலும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஆனாலும், முறையாக அனுமதி வாங்கிய லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் சங்கத்துக்குச் சொந்தமில்லை. மனை போட்டு விற்ற புரமோட்டருக்கும் சொந்தமில்லை. அனுமதி கைக்கு வருவதற்கு முன்பே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குப் பதிவு செய்து கொடுத்துவிட்ட இடம் அது. ஊராட்சியோ பேரூராட்சியோ மாநகராட்சியோ, யார் பேரில் தானம் இருக்கிறதோ அவர்கள்தான் கேட்டில் கை வைக்கலாம். சங்கம் பூட்டினால் அது ஆக்கிரமிப்பு. நல்ல எண்ணத்தில் செய்த ஆக்கிரமிப்பு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 3, இரவு

எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 3,000 சதுர மீட்டர் வரை ஒன்றும் விட வேண்டாம். அதாவது சுமார் 74 சென்ட். 3,000 முதல் 10,000 வரை என்றால் சாலைகளைக் கழித்த பரப்பில் பத்து சதவீதம். இடமாக விட முடியாவிட்டால் அதற்கு ஈடான நில மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், பணம் செல்லாது. பத்து சதவீதம் இடமாகத்தான் தர வேண்டும்.

நாலு ஏக்கர் லேஅவுட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு முப்பது சதவீதம் போனால் பாக்கி சுமார் 11,300 சதுர மீட்டர். அதில் பத்து சதவீதம் என்றால் 28 சென்ட் அளவுக்குப் பூங்கா. ஐந்து கிரவுண்ட். இதை விற்றால் என்ன விலை போகும் என்று கணக்குப் போடாத புரமோட்டர் கிடையாது. அதனால்தான் மூன்று ஏக்கரை இரண்டாக உடைத்துத் தனித்தனியாக அனுமதிக்குப் போடும் வித்தை எல்லாம் நடக்கிறது.

ஜூன் 5

"காசு கொடுத்தோமே" என்பதற்கு நாலைந்து பேர் ஆமோதிப்பு. நியாயமான ஆதங்கம்தான். பூங்காவுக்கு விட்ட நிலத்தின் விலையைப் புரமோட்டர் தன் சட்டைப் பையிலிருந்து போடுவதில்லை, மனை விலையில் ஏற்றித்தான் வாங்குகிறார். ஆனால் அதே கணக்கில் தெருவுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள். தெருவும் இதே போலத் தானமாகப் போனதுதான். பால்காரரும் பக்கத்து நகர்க்காரரும் அதில் வந்து போகிறார்கள், யாரும் சாவி கேட்பதில்லை. (கேட்கிற லேஅவுட்டுகளும் உண்டு. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

"என் நிலத்தில் பத்து சதவீதத்தை அரசு சும்மா வாங்குவது சொத்துரிமைக்கு விரோதம்" என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. சென்னை அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கு. 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி செல்லும், தானமாகக் கொடுக்கச் சொல்வதும் செல்லும் என்று முடிந்தது. அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது.

ஜூன் 6

எங்கள் லேஅவுட் கதையைச் சொல்கிறேன், பூட்டு என்ன செய்யும் என்று புரியும்.

நாங்கள் குடிவந்த புதிதில் பூங்கா என்பது வெறும் சீமைக்கருவேலங் காடு. சங்கம் ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஜே.சி.பி. வைத்துச் சுத்தம் பண்ணினோம். அப்புறம் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. பொது போர்வெல் போட இடம் வேண்டும். மூலையில் ஓரமாகப் போட்டோம். போர் போட்டால் மோட்டார் திருடு போகும், அதனால் மோட்டார் ரூம். மோட்டாரை ஆன் பண்ண ஆள் வேண்டும், அதனால் வாட்ச்மேன். வாட்ச்மேனுக்குப் படுக்க இடம் வேண்டும் என்று மோட்டார் ரூமை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. அவர் குடும்பம் வந்தது, அடுப்பு வந்தது, இரண்டு ஆடு வந்தது. பிறகு "பாதுகாப்புக்காக" கேட், கேட்டில் பூட்டு. சாவி செயலாளர் வீட்டில். செயலாளர் ஊருக்குப் போனால் பூங்காவும் லீவு. கொஞ்ச நாளில் சங்கத்து ஷாமியானா, நாற்காலி, பொங்கல் விழா மேடைப் பலகை எல்லாம் உள்ளே குடியேறின. பிள்ளைகள் தெருவில் விளையாடினார்கள்.

இதில் ஒருத்தர்கூட நிலத்தைத் திருட நினைக்கவில்லை. ஒவ்வொரு படியும் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேறியது. நானும் தூக்கினேன். போர்வெல்லை இப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். பூட்டுதான் மற்ற எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. பூட்டிய இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில்தான் அடுத்த செங்கல் ஏறும்.

ஜூன் 9

எப்படிச் சரிபார்ப்பது என்று தனியாகக் கேட்டவர்களுக்குப் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

முதலில் லேஅவுட் வரைபடத்தின் பிரதி வேண்டும். புரமோட்டர் கலர் நோட்டீசில் போட்ட படம் இல்லை, அனுமதி எண்ணும் முத்திரையும் உள்ளது. கலர் நோட்டீசில் பச்சை அடித்துத் தென்னை மரம் வரைந்திருப்பார்கள். அனுமதி வரைபடத்தில் அதே இடம் "கடை மனை" என்று இருக்கும். அதற்கு அப்புறம் தாய்ப் புல எண்ணுக்கு, அதாவது மனை பிரிப்பதற்கு முன் நிலத்துக்கு இருந்த சர்வே எண்ணுக்கு, வில்லங்கச் சான்று (பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். உங்கள் மனைக்கு மட்டும் போட்டால் வராது. லேஅவுட் அனுமதி வந்த காலத்தை ஒட்டி, உள்ளாட்சியின் பேருக்குத் தானப் பத்திரம் ஒன்று பதிவாகி இருக்க வேண்டும். சாலை, பூங்கா எல்லாம் ஒரே பத்திரத்தில் அளவோடு வரும். அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஓட்டை இனிமேல்தான். பத்திரம் பதிவானதோடு பல இடங்களில் வேலை நின்றுபோகும். வருவாய்க் கணக்கில் மாற்ற மாட்டார்கள். அ-பதிவேட்டில் (எந்த நிலம் யார் பேரில் என்று காட்டும் கிராம வருவாய்க் கணக்கு) பார்த்தால் அந்த இடம் இன்னும் பழைய நிலக்காரர் பேரிலேயே பட்டாவாக இருக்கும். பத்து, இருபது வருஷம் கழித்து அவர் வாரிசுகள் பட்டாவைக் காட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர் வந்து கம்பி வேலி போடுகிறார். அப்புறம் வழக்கு, வாய்தா. எனவே அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) இரண்டையும் பார்த்து, பூங்காவுக்குத் தனி உட்பிரிவு எண் ஆகி உள்ளாட்சி பேருக்கு வந்துவிட்டதா என்று உறுதி பண்ணுங்கள். ஆகவில்லை என்றால் வட்டாட்சியருக்கு மனு. ஜமாபந்தி (வருஷாவருஷம் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கை) நடக்கும் சமயத்தில் கொடுத்தால் கிராமக் கணக்கெல்லாம் மேஜையிலேயே இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் பூங்கா பற்றிய விவரம்" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் "கோப்பில் இல்லை" என்று வரும். அனுமதி எண், புல எண், பத்திர எண் மூன்றையும் போட்டுக் கேளுங்கள்.

ஜூன் 10

நேற்றைய குறிப்பு அனுமதி பெற்ற லேஅவுட்டுக்கு. "எங்களுடையது பஞ்சாயத்து அப்ரூவல், தானப் பத்திரமே இல்லை, ஆனால் படத்தில் பார்க் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது வேறு நோய். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட அந்தக் காலப் படங்கள் நகரமைப்புச் சட்டப்படி அனுமதியே ஆகாது. 2016-இல் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தி வைத்து, 2017-இல் வரன்முறை விதிகள் (அனுமதி இல்லாததை முறைப்படுத்தும் விதிகள்) வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றுக்கு வழி திறந்தார்களே, அந்தக் கூட்டம். அப்படி வரன்முறை ஆகும்போது பூங்கா இடம் விற்காமல் மிச்சம் இருந்தால் அதை உள்ளாட்சிக்கு வாங்கிக்கொள்ள வைக்க அழுத்தம் கொடுங்கள். மனையாக விற்றுப் போயிருந்தால் பணமாகத்தான் வசூல் ஆகும். அந்தப் பணத்தில் உங்கள் தெருவில் ஒரு செடிகூட வராது.

அனுமதி வரைபடத்தில் பூங்கா என்று இருந்து, தானம் மட்டும் பதிவாகாமல் விட்டுப்போயிருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். டெல்லி மனைப்பிரிவு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் வழி இல்லாமல் மாநகராட்சி அந்த நிலத்தை இலவசமாகத் தன் பேருக்கு எழுதச் சொல்ல முடியாது என்றது. ஆனால் உரிமையாளர் அதைப் பொது மக்களுக்காக அறங்காவலர் போல வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. பேர் அவருடையதாக இருந்தாலும் அதை மனை போட்டு விற்க முடியாது.

ஜூன் 14

பூங்காவில் பிள்ளையார் கோயில் கட்டலாமா என்ற கேள்வியோடு எப்போது வருவீர்கள் என்று காத்திருந்தேன், வந்துவிட்டீர்கள்.

பொது இடம், பூங்கா, தெரு இவற்றில் அனுமதி இல்லாமல் எந்த மதத்தின் கட்டுமானமும் புதிதாக எழும்பக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. எல்லா மதத்துக்கும் பொருந்தும். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால் ஒரு கல் வரும், அதற்கு மஞ்சள் துணி வரும், மழைக்கு ஒரு தகரம் வரும். தகரத்தை எடுக்கச் சொல்கிறவர் நாத்திகர் ஆகிவிடுவார். சங்கத்தில் இதைப் பேச ஆள் இல்லை, எனக்கும் முழுத் தைரியம் கிடையாது. பக்கத்து லேஅவுட்டில் நல்ல வழி கண்டார்கள்: ஒரு பக்தரே தன் மனையின் முன் ஓரத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். பூங்கா தப்பியது.

ஜூன் 15

"பிள்ளையார் வந்ததால்தான் ஆக்கிரமிப்பாளன் வரவில்லை" என்று ஒருவர் பதில். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் வேதனை.

ஜூன் 21

சட்டம் பேசிப் பேசி முதல் கேள்வியின் வயிற்றெரிச்சலை விட்டுவிட்டோம். பெண்கள் உட்கார முடியவில்லை என்கிறார். அது நிஜமான பிரச்சினை. "பொது இடம், போங்கள்" என்று சொல்லி முடிக்க முடியாது.

எங்கள் ஊரில் பூட்டு எடுத்தபின் நடந்தது இது. முதலில் போர்டு வைத்தோம், "பந்து விளையாடக் கூடாது". அந்தப் போர்டே ஸ்டம்ப் ஆயிற்று. அப்புறம் பையன்களையே கூப்பிட்டுப் பேசினோம். யார் இந்த நகர், யார் அந்த நகர் என்று கேட்கவில்லை. இடம் எவ்வளவு என்று அவர்களையே காலடி போட்டு அளக்கச் சொன்னோம். முழுக் கிரிக்கெட்டுக்கு அந்த இடம் பற்றாது என்பது அவர்களுக்கே தெரியும். ஸ்டிச் பந்து கிடையாது, டென்னிஸ் பந்து மட்டும். தெற்குச் சுவர்ப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். ஐந்தரைக்கு மேல் சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் நேரம். ஐந்தரை என்பது எங்கள் பேரம், ஆறில் ஆரம்பித்தது. கார்க் கண்ணாடி உடைந்தால் யார் காசு என்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை.

உட்காரும் பெஞ்சுகளை நடுவில் போட்டிருந்தார்கள், சுற்றிலும் ஆட்டம். அதைத் தெருவோரமாக, விளக்குக் கம்பத்துக்குக் கீழே நகர்த்தினோம். தெருவில் போகிறவர்கள் பார்வையில் பெஞ்ச் இருந்ததும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். உயரச் சுவர் எழுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. பார்வை படாத மூலையில்தான் குடிக்க வருகிறவனுக்கு வசதி.

நாய், பைக், வளைகாப்புப் பந்தல் இவற்றுக்கெல்லாம் விதி எழுதிய சங்கங்களின் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். இருபது முப்பது விதி. யாருக்கும் நினைவில்லை, செயலாளருக்கே இல்லை. மூன்று போதும் என்பது என் அபிப்பிராயம்: வண்டி உள்ளே வரக் கூடாது, பொருள் எதுவும் இரவு தங்கக் கூடாது, மாலை நேரம் சின்னவர்களுக்கும் வயசானவர்களுக்கும். இரண்டாவதுதான் உயிர்நாடி. ஷாமியானா ஒரு ராத்திரி தங்கினால் ஒரு வருஷம் தங்கும்.

ஜூன் 29

"அப்போ வேலியும் வேண்டாமா?" வேண்டும். நான் பூட்டைத்தான் எதிர்க்கிறேன். இடுப்பளவு கம்பி வேலி, மாடு நுழையாத கேட், தாழ்ப்பாள் போதும். வேலி போடும்போது சர்வேயரைக் கூட்டி அளந்து, எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து வெள்ளை அடித்து, அதன்மேல் போடுங்கள். எங்கள் வடகிழக்குக் கல் மண்ணுக்கடியில் முழங்கால் ஆழத்தில் கிடந்தது. பக்கத்து மனைக்காரர் மதில் அதைத் தாண்டி இரண்டடி உள்ளே வந்திருந்தது. அவருக்கும் தெரியாது என்றார், நம்பினோம். இரண்டடி திரும்பி வந்தது.

இரவு மட்டும் பூட்டலாமா என்றால், உள்ளாட்சி எழுத்தில் நேரம் குறித்துக் கொடுத்தால் பூட்டலாம். மாநகராட்சிப் பூங்காக்களுக்கும் நேரம் உண்டே. சாவி யாரிடம், காலையில் யார் திறப்பார் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

ஜூலை 8

"நாங்கள் ஒழுங்காக வைத்திருந்தும் ஊராட்சியே தண்ணீர்த் தொட்டி கட்ட வருகிறது." இது அடிக்கடி நடப்பது. அங்கன்வாடி, ரேஷன் கடை, தொட்டி, குப்பை பிரிக்கும் கொட்டகை எல்லாமே அவசியமானவை. காலி இடம் என்றால் அதிகாரி கண்ணுக்குப் பூங்காதான் முதலில் தெரியும். ஆனால் தானம் வாங்கியது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும். வாங்கியவர் என்பதால் நினைத்தபடி செய்துவிட முடியாது.

இதற்குப் பழைய முன்னுதாரணங்கள் வலுவானவை. பெங்களூரில் மனைப்பிரிவுப் பூங்கா ஒன்றைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கினார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒதுக்கீடு ரத்தானதை 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குடியிருப்பவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்பதும் அதில் உறுதியானது. லக்னோவில் ஒரு பூங்காவைத் தோண்டி நிலத்தடிக் கடை வளாகம் கட்டினார்கள். 1999-இல் அதை இடித்துப் பழையபடி பூங்கா ஆக்கச் சொன்னார்கள். பாதி கட்டியாகிவிட்டது என்ற சாக்கு எடுபடவில்லை. நம் மாநிலத்திலேயே 1959-இல் போட்ட பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் ஏறிய இடத்தை முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. உங்கள் இடம் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் போர்வெல்லுக்கும் இது பொருந்தாதா என்று ஒரு குறும்புக்காரர் கேட்டிருக்கிறார். பொருந்தும். அதனால்தான் வாட்ச்மேன் அறையை எடுத்தோம், மோட்டாரைத் தரைமட்டக் குழிக்குள் இறக்கினோம், போரை ஊராட்சிக் கணக்கில் ஏற்றினோம். வாட்ச்மேனுக்கு ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. ஆடுகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஜூலை 20

வில்லாக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "எங்கள் உள்வளாகத் தோட்டத்துக்குள் ஊரெல்லாம் வரலாம் என்கிறீர்களா?" இல்லை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பெரிய வளாகம் என்றால் பத்து சதவீதம் தானமாகப் போன பகுதி ஒன்று இருக்கும், பெரும்பாலும் சாலையை ஒட்டி. அது பொது. அதற்கு அப்பால் உங்கள் பிளானில் பொதுப் பயன்பாட்டுப் பகுதி என்று வருவது, நீச்சல் குளம், நடைபாதை, உள்தோட்டம், இவை உரிமையாளர்களுக்குப் பங்கு உள்ள சொத்து. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டுநர் அவற்றைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே பூட்டுங்கள், நேரம் வையுங்கள், விருந்தினருக்குச் சீட்டு கொடுங்கள், யாரும் கேட்க முடியாது. வளாகச் சுவருக்குள் தானப் பகுதியையும் சேர்த்துக் கட்டிவிட்டு "எங்கள் தோட்டம்" என்பதுதான் சிக்கல். விற்பனைப் படத்தில் அதையும் உங்களுடையதாகவே காட்டியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 2

பராமரிப்புச் செலவு யார் தலையில்? உரிமை உள்ளாட்சியிடம், எனவே பொறுப்பும் அவர்களுடையது. காத்திருந்தால் கருவேலம் மறுபடி வரும். நாங்கள் செய்தது: ஊராட்சிக்குக் கடிதம் கொடுத்து, சங்கச் செலவில் பராமரிக்க எழுத்தில் அனுமதி வாங்கினோம். அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினோம், "இதனால் சங்கத்துக்கு எந்த உரிமையும் ஏற்படாது" என்று. சிலருக்கு அது பிடிக்கவில்லை. நாமே நமக்கு எதிராக எழுதி வாங்குவதா என்றார்கள். அடுத்த செயலாளர் யார் என்று தெரியாத சங்கத்தில் அந்த வரிதான் பாதுகாப்பு.

புல்தரை வேண்டாம். கோடையில் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகாது. புங்கன், வேம்பு, ஓரத்தில் நாவல். நாவல் பழக் காலத்தில் சட்டை எல்லாம் கறை ஆகும் என்று புகார் வரும், வரட்டும்.

ஆகஸ்ட் 11

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். தீர்மானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தானப் பத்திரம் கிடைத்துவிட்டது, அ-பதிவேட்டில் மட்டும் இன்னும் பழைய பேர். சரி, ஊராட்சிப் பகுதி என்றால் 15-ஆம் தேதி கிராம சபை இருக்கிறது. பத்திர நகல், வரைபட நகல், பதிவேட்டு நகல் மூன்றையும் இணைத்து, உட்பிரிவு செய்து ஊராட்சி பேருக்கு மாற்ற வட்டாட்சியரைக் கேட்டுத் தீர்மானம் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் "பூங்கா குறித்து விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் ஏறும். வாசகத்தை நீங்களே கொடுத்து, எழுதி முடித்தபின் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து நகர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனால் கை எண்ணிக்கை கூடும். அந்தக் கிரிக்கெட் பையன்களில் பதினெட்டு வயசாகி ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் ஏறியவர்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு.